மீதி மூன்று நிமிடம்

போன நவம்பரில் எங்கள் சமையலறை எரிந்தது.
எங்கள் என்றால்,
டுலூத் நகரில் ஏரியைப் பார்த்தபடி நிற்கும்
தீயணைப்பு நிலையத்தின் சமையலறை.
வாணலியில் பேக்கன் கிடக்க, மணி அடித்தது.
வேறு யாரோ வீட்டு நெருப்பை அணைக்க ஓடினோம்.
திரும்பி வந்தபோது
பக்கத்துப் பேட்டை வண்டி எங்கள் வாசலில் நின்றது.
குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்,
முகத்தை ரொம்பக் கவனமாக வைத்துக்கொண்டு.

அப்புறம்தான் ஏர் ஃப்ரையர் வந்தது.
கறுப்பு உருண்டை, ஒரு இழுப்பறை, இரண்டு பொத்தான்.
சுவரில் ஒரு காகிதம்: இனி வாணலி கிடையாது.

ரெய்னோ ஹக்கலாவுக்கு அதன் மேல் மரியாதையே இல்லை.
"பொரியும்போது கொழுப்பு பேசணும்.
இது என்ன, பெட்டிக்குள்ளே பெருமூச்சு."
ஆனாலும் ஞாயிறு அவன் முறை.
முதல் வாரமே விசிறிக் காற்றில் ஒரு துண்டு
மேலே பறந்து கம்பியில் ஒட்டிக் கருகியது.
புகைக்கு அலாரம் அலறியது, எங்கள் தலைக்கு மேலேயே.
அதிலிருந்து கற்றுக்கொண்டான்:
துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று போடாமல்
அருகருகே படுக்கவைப்பான்.
மேலே சின்னக் கம்பித்தட்டை அழுத்துவான்.
வடியும் கொழுப்பு புகையாமலிருக்க
அடித்தட்டில் ஒரு ரொட்டித் துண்டு.
நானூறு டிகிரி. பத்து நிமிடம்.
கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்பான்,
கடன்காரன் வீட்டு வாசலில் நிற்பதுபோல.

இந்த ஞாயிறு ஏழாவது நிமிடத்தில் மணி.

வெளியே ஜனவரி.
குழாயிலிருந்து சிதறிய நீர்
சட்டையில் விழுமுன்பே கண்ணாடியானது.
உறைந்த தண்ணீர்க் குழாயைச் சூடுகாட்டி இளக்கப் போய்
சுவருக்குள் தீ வைத்துக்கொண்டிருந்தார்
வெண்டல் க்ரோட் என்ற மனிதர்.
குளியல் அங்கி, ஒரு கால் செருப்பு.
வீட்டிலிருந்து அவர் காப்பாற்றியது
டிவி ரிமோட் ஒன்றுதான்.
எரியும் கூரையை நோக்கி அதை நீட்டியபடி நின்றார்.
பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது.
அழுத்தினாரா என்று நான் பார்க்கவில்லை.
பெத்தானி அவருக்குப் போர்வை போர்த்தினாள்,
ரிமோட்டை வாங்கவில்லை.

நான்கு மணி நேரம்.
பாதி வீடு மிஞ்சியது. எந்தப் பாதி என்பது
அவருக்கு நாளைக்குத்தான் உறைக்கும்.

நிலையத்துக்குள் நுழைகையில்
எல்லோரும் ஒரு கணம் மோந்து பார்த்தோம்.
பழைய பழக்கம்.
ஒன்றுமில்லை.
நாங்கள் போன பிறகு
மீதி மூன்று நிமிடத்தை அது தானே எண்ணி முடித்து
ஆளில்லாத அறையைப் பார்த்து
டிங் என்று சொல்லிவிட்டு
தானே அணைந்திருக்கிறது.

இழுப்பறையை இழுத்தான் ரெய்னோ.
பாதியாய்ச் சுருங்கி, நெளிந்து,
வெள்ளைக் கொழுப்பு உறைபனியாய்ப் படிந்த
பன்னிரண்டு துண்டுகள்.
"செத்துப்போச்சு" என்றான்.
என்றவன், எதையோ யோசித்து
இன்னும் இரண்டு நிமிடம் வைத்தான்.
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
அந்தப் பெருமூச்சைச் சுற்றி நின்றோம் ஐந்து பேர்.
பனி உருகித் தரையில் சொட்டியது.

நெருப்பென்றால் வாய் வெந்துவிடாது என்பார்கள்.
பெத்தானிக்கு வெந்தது.
ஆறும்வரை பொறுக்காமல் ஒரு துண்டைக் கடித்தாள்.
அந்தச் சத்தம்!
மெல்லிய பனித்தகட்டை மிதித்ததுபோல.
கண்ணில் நீரோடு, வாயைத் திறந்தபடி
கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்:
நல்லாருக்கு, நல்லாருக்கு.

நாலு வாயில் தட்டு காலி.
"வாணலின்னா இன்னும் நல்லா வந்திருக்கும்"
என்றான் ரெய்னோ, யாரும் கேட்காமலே.

பாத்திரம் கழுவ நான் உள்ளே போனபோது
குளிர்ப்பெட்டிக் கதவுக்குப் பின்னால் அவன் நின்றிருந்தான்.
கையில் அடித்தட்டு ரொட்டி,
கொழுப்பு முழுக்கக் குடித்து
ஓரமெல்லாம் செம்பு நிறத்தில் முறுகிய ரொட்டி.
என்னைப் பார்த்தான்.
மெல்லுவதை நிறுத்தவில்லை.
நானும் குழாயைத் திறந்துவிட்டேன்,
சத்தமாக.